குழாயில் இலை

1

சென்ற வாரம் எங்கள் கணிதத் துறையின் செயலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நாள்தோறும் முற்பகல் வகுப்பு முடிந்ததும் நான் எங்கே போகிறேன் என்பதே அது. அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. துறைத்தலைவர் தேடியபோது நான் அறையில் இல்லை, அவ்வளவுதான். பொருத்தமான பதில் எதுவும் கைவசம் இல்லாததால், இருபது ஆண்டுகளாக வீட்டில் வழங்கிவந்த சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: இலை எடுக்கப் போகிறேன்.

அவர் திரும்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கனடாவின் வின்னிபெக் நகரில் தை மாதம். கடைசி இலை உதிர்ந்து நெடுநாளாகிவிட்டது. வளாகத்து மரங்கள் எல்லாம் பனிக்குமேல் வெறும் கம்பிகளாக நின்றன. அவர் நல்ல பெண்மணி. மனைவியை இழந்த ஒருவனிடம் இதற்குமேல் கேட்பது முறையன்று என்று எண்ணியிருக்க வேண்டும். தம் தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டு, பின்படிக்கட்டின் திருப்பத்திலுள்ள சன்னலருகே போய் நின்றேன். நின்று, தனியாகச் சிரித்தேன்.

என் மனைவி பிலோமினா மறைந்து அன்றோடு இரண்டு ஆண்டுகள் நிறைந்தன. அன்று சிரிப்பேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தச் செயலருக்கு என்னால் விளக்க முடியாததைச் சேலத்திலும் ஏற்காட்டிலும் இருப்பவர்களுக்கு விளக்க முடியும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

2

பிலோமினாவின் பிறந்த வீடு ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்குப் போகும் சாலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அவளுடைய தந்தை ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். பிள்ளைகள் பலர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள், அதைவிட வியப்பு, ஒரே நேரத்தில் கேட்கவும் கூடியவர்கள். நான் சேலத்தில் ஒரே பிள்ளையாக வளர்ந்தவன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் யாரும் பேசாவிட்டால் அன்று எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று பொருள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. மறுவீட்டுக்கு மலையேறிப் போனபோது, அந்த வீட்டின் வழக்கம் ஒன்றை அறிந்துகொண்டேன். புது மாப்பிள்ளையைக் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் அமர்த்துவார்கள். கோயிலிலிருந்தும் எஸ்டேட்டிலிருந்தும் வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து அவரோடு பேசவேண்டும். ஒருவர் எழுந்தால் இன்னொருவரை உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளையைத் தனியே விடுவது அவரை அவமதிப்பதாகும். இந்த மரியாதை காலைப் பலகாரத்தில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை இடைவெளியின்றி நடந்தது.

என்னைப் போன்றவர்களுக்கு மனிதர்கள் மேல் வெறுப்பு இல்லை. அந்த மனிதர்கள் எல்லாரையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஓர் அளவுக்குமேல் கேட்டுக்கொண்டிருந்தால், என்னுள் ஏதோ ஒன்று மூடிக்கொள்கிறது. முகம் சிரித்தபடி இருக்கும், தலை அசையும், வாய் மட்டும் தானாக "ஆமாங்க" என்று சொல்லத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் முற்பகலுக்குள் நான் திருவிழாக் கமிட்டியில் சேர ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தோணியின் ஜீப்பில் பங்கு வாங்கவும் ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தோணி என்பவர் பிலோமினாவின் அண்ணன், மலைக்கும் சேலத்துக்கும் ஜீப் ஓட்டுபவர், உரத்த குரலும் பெரிய மீசையும் உடையவர். தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்பதிலும் எதிரே வந்தமர்ந்தவர்களோடெல்லாம் முழுமனத்தோடு உடன்பட்டிருந்தேன்.

பிலோமினா அடுக்களை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை அழைத்துக் கேட்டது அவள் என்னிடம் பேசிய முதல் நீண்ட வாக்கியமாக இருக்கலாம்:

"ஏனுங்க, மூணு பேருக்கு ஓட்டுப் போடறதாச் சொல்லிட்டீங்க. மூணு பேரும் வேற வேற கட்சிங்க. தெரியுங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கூடத்தை நோக்கித் திரும்பி, குழாயில் தண்ணீர் வரவில்லை, இலை அடைத்திருக்கும், அவரே போய்ப் பார்க்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். புது மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று என் மாமியார் பதறினார். "அவரு படிச்சவரு. அடைப்பு எங்கன்னு கண்டுபுடிச்சிருவாரு" என்று சொல்லி, தோட்டத்துப் பாதையைக் காட்டி அனுப்பிவிட்டாள்.

3

அந்த வீட்டுக்குத் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. காப்பிச் செடிகளுக்கிடையே ஏறினால், மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களின் கீழே, பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அதன் கீழே சிறிய சிமெண்டுத் தொட்டி. தொட்டியின் அடியில் குழாயின் வாய், அதன்மேல் கம்பிவலை. ஓக் இலைகள் நீரில் வந்து அந்த வலையில் ஒட்டிக்கொண்டால் கீழே வீட்டில் தண்ணீர் நின்றுபோகும். யாராவது ஏறிப்போய்க் கையால் எடுத்துப்போட வேண்டும். மலையில் பல வீடுகளில் இது அன்றாட வேலை.

அன்று உண்மையிலேயே இரண்டு மூன்று இலைகள் இருந்தன. எடுத்துப்போட்டேன். எடுத்த பிறகு உடனே இறங்கவேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பாறையில் உட்கார்ந்தேன்.

அங்கே நான் என்ன செய்தேன் என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். தியானமா, ஜெபமா என்பார்கள். இரண்டும் இல்லை. கூட்டத்தின் நடுவே இருக்கும்போது பிறர் நினைப்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான் நினைப்பதுதான் தெரிவதில்லை. தனியே சற்று இருந்தால், காலையிலிருந்து நடந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இதைச் சொன்னேன், அது உண்மையா? அவர் அதைச் சொன்னார், அது என்னை வருத்தியதா? இன்ன நேரத்தில் ஏதோ இனிமையாக இருந்ததே, அது என்ன? இவ்வளவே நான் கேட்டுக்கொள்வது. பதில்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. அன்று கிடைத்த பதில் அப்படியன்று. எனக்குத் திருமணமாகிவிட்டது என்பதும், அதில் நான் பெருமகிழ்ச்சியோடு இருக்கிறேன் என்பதும் அந்தப் பாறையில் உட்கார்ந்தபிறகுதான் எனக்குத் தெரியவந்தன. அதற்கு முன்னால் இருந்த நாட்களில் எல்லாரும் அதை என்னிடம் கேட்டார்கள். எல்லாரிடமும் ஆமாங்க என்றுதான் சொன்னேன். ஆனால் என்னிடம் நான் கேட்டது அப்போதுதான்.

கீழே இறங்கியதும் பிலோமினா இலை இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

"இனி அடைச்சா நானே சொல்றனுங்க" என்றாள்.

பிறகு பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, ஜீப்பில் பங்கு வாங்க இயலாது என்று அந்தோணியிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் சிறிதும் வருந்தாமல் பேச்சைத் தொடர்ந்தார்.

4

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த ஆண்டு நாங்கள் கனடாவுக்குப் போனோம். பிறகு ஊருக்கு வந்த ஒவ்வொரு விடுமுறையிலும், கூடத்தில் என் குரல் மாறத் தொடங்கும்போது அடுக்களையிலிருந்து அவள் குரல் வரும்: "ஏனுங்க, குழாயில இலை." நான் எழுந்து மேலே போவேன். அடைப்பு இருந்ததா என்று பார்க்கும் வழக்கம்கூட எனக்கு விட்டுப்போயிற்று.

வின்னிபெக்கில் எங்களுக்கு ஊற்றும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆனால் கூட்டங்கள் இருந்தன. பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் யாராவது ஒருவர் வீட்டின் நிலவறையில் ஐம்பது பேர் கூடுவோம். அங்கேயும் அவள் அறையின் மறுகோடியிலிருந்து அதையே சொல்வாள். நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டின் பின்புறம் போய்ப் பனியில் நின்றுவிட்டு வருவேன். ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டுக் குழாய்கள் புதியவை, எந்த அடைப்பும் இல்லை என்று மனத்தாங்கலோடு சொன்னார். மதுரையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, இந்த வயதில் இது எல்லா ஆண்களுக்கும் வருவதுதான், வெட்கப்பட வேண்டாம், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிகுந்த கனிவோடு கூறினார். வீடு திரும்பும் வழியில் இதைச் சொன்னபோது பிலோமினா சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டியதாயிற்று.

வேலைநாட்களில் அவள் உடன் இல்லாதபோது, பின்படிக்கட்டுச் சன்னலை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் போதும். என்னைப்போல் கூச்சத்தோடு பிறந்து, பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். பள்ளி ஆசிரியர்கள், வங்கி எழுத்தர்கள், பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இடம் எதுவானாலும் சரி, மொட்டைமாடியோ, கிணற்றடியோ, பஸ் நிறுத்தமோ. கையில் புத்தகமோ செய்தித்தாளோ கொண்டுபோகாதீர்கள். அதுவும் ஒருவர் பேசுவதே.

பிலோமினாவின் நோய் குறித்து இங்கே எழுதப்போவதில்லை. கடைசி வாரம்வரை தாதியரோடு பேசிக்கொண்டிருந்தாள். ஏற்காட்டில் ஆரஞ்சு எப்போது பழுக்கும் என்பது அந்த மருத்துவமனையில் இன்றும் சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

5

எங்களுக்கு ஒரே மகள். நிர்மலா, நிம்மி என்று அழைப்போம். தாய் இறந்தபோது அவள் டொராண்டோவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து திரும்பிப் போனவள், ஞாயிறுதோறும் தொலைபேசினாள். இரண்டு நகரங்களின் குளிரையும் ஒப்பிட்டுப் பேசுவோம். அது முடிந்ததும் இருவரும் அமைதியாவோம். கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு அவள் நல்லிரவு சொல்வாள். கார்த்திகையில் ஒருநாள், வரும் கோடையில் வீட்டுக்கு வரப்போவதில்லை, அங்கேயே ஓர் அறை பார்த்திருக்கிறேன் என்றாள். நான் நல்லது என்றேன்.

எங்கள் நண்பர்களின் பிள்ளைகள் இவ்வாறுதான் விலகிப்போனார்கள். முதலில் ஒரு கோடை, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு ஒரு வாழ்த்து அட்டை. அவர்கள் வீடுகளில் இதைப் பார்த்தபோது ஆறுதல் சொல்லத் தெரிந்த எனக்கு, என் வீட்டில் நடந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. நிம்மி தாயோடு எப்போதும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள். பேச்சே இல்லாத ஒரு வீட்டுக்கு அவள் ஏன் வரவேண்டும் என்பது எனக்கு நியாயமாகவே பட்டது. அந்த அறைக்கு அவள் முன்பணம் கட்டிவிட்டால் அதன்பின் என் வீடு அவளுக்கு ஒரு முகவரி மட்டுமே என்பதும் தெரிந்திருந்தது.

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியை ஏற்காட்டில் வைக்க அந்தோணி விரும்பினார். நிம்மியிடம் கேட்டேன். வருகிறேன் என்றாள்.

இருவரும் கனடியக் குடிமக்கள். ஆகவே பிறந்த ஊருக்குப் போக நான் விசா கேட்டு நிற்கவேண்டும். படிவத்தில் மனைவியின் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. எழுதினேன். தூதரகச் சாளரத்துக்கு அப்பாலிருந்த அலுவலர், அவர் உடன் வருகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னர் வருவாரா என்றார். இல்லை என்றேன். ஏன் என்றார். வகுப்பில் ஆயிரம் முறை நிரூபணங்களைச் சொன்ன என் வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. பக்கத்திலிருந்து நிம்மி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மிகச் சிறிய வாக்கியம். சொல்லிவிட்டு, நான் பார்க்காதபடி சுவரிலிருந்த தாஜ்மகால் படத்தை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

6

நிம்மியின் தமிழ் அவள் தாயிடமிருந்து வந்தது. நான் வீட்டில் அதிகம் பேசாததால் என்னிடமிருந்து அவள் ஒரு சொல்லும் கற்கவில்லை. எனவே வின்னிபெக்கில் வளர்ந்த பெண், சேர்வராயன் மலையின் பேச்சை அப்படியே பேசுவாள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் அவளை ரொம்ப என்பதற்கு "நொம்ப" என்று சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்வார்கள். ஏற்காட்டில் அது வேறுவிதமாக முடிந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியதும், அந்தோணியின் மனைவி ஜெயமேரியிடம் நிம்மி, "நல்லா இருக்கீங்களா அத்தை? ஊடு அப்படியே இருக்குதுங்க" என்றாள். ஜெயமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிலோமினாவின் குரலும் பிலோமினாவின் சொற்களும். செய்தி தோட்டம் முழுக்கப் பரவிற்று. காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. பறிக்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். கரடியூரிலிருந்து உறவினர் வந்தனர். எல்லாரும் அவளை ஏதாவது பேசும்படி கேட்டார்கள். அந்தப் பழைய பிரம்பு நாற்காலியில் இப்போது அவளை உட்காரவைத்தார்கள்.

இரண்டு நாள் அவள் மலர்ச்சியோடு பேசினாள். மூன்றாம் நாள் முற்பகல், கூடத்தின் மூலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் சேர்ந்து பாடுவாளா என்று ஒருவர் கேட்டார். சரிங்க என்றாள். ஈஸ்டர்வரை இருந்துவிட்டுப் போகலாமே என்றார் இன்னொருவர். சரிங்க. நான்காவது பணியாரம் அவள் தட்டில் விழுந்தது. சரிங்க. வாழவந்தியிலிருந்து வந்திருந்த சகாயமேரி, பிலோமினாவின் பெரியம்மா மகள், நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணு, எங்கூர்ல ஒரு பையன் இருக்கறான். பேங்க்ல வேல. நல்ல குடும்பம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்து உன்னயப் பாத்துட்டுப் போவட்டுமா சாமி?"

"சரிங்க பெரீம்மா."

நான் அவளைப் பார்த்தேன். முகம் சிரித்தது, தலை அசைந்தது. உள்ளே யாரும் இல்லை.

இருபது ஆண்டுகள் அவளைத் தாயின் வார்ப்பு என்றே எண்ணியிருந்தேன். தாய் பேசுவாள், இவள் சிரிப்பாள். வீடே கலகலப்பாக இருக்கும். அந்தக் கலகலப்பில் பாதிக்குமேல் பிலோமினாவுடையது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் மகள்.

7

பழக்கத்தால் அடுக்களை வாசலைப் பார்த்தேன். அங்கே ஜெயமேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சொல்லவேண்டியவர் இல்லை. கூடத்தில் பதினைந்து பேராவது இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அந்த வீட்டில் நான் கேட்கப்படாமல் வாய் திறந்தது அதுவே முதல் முறை.

குழாயில் இலை அடைத்துக்கொண்டது, நிம்மி மேலே சென்று எடுத்துவிட்டு வரவேண்டும் என்று அறிவித்தேன். வகுப்பறைக் குரலில் வந்துவிட்டது. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில், திறந்திருந்த பின்வாசல் வழியே, குழாயிலிருந்து அண்டாவில் தண்ணீர் விழும் ஓசை மிகத் தெளிவாகக் கேட்டது. கை கனத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்த அனைவருக்கும் அது கண்ணிலும் பட்டது. வாழ்நாள் முழுவதும் ஒரு கூற்றைச் சொல்வதற்குமுன் சரிபார்க்கவேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான்.

அந்தோணி அப்போது அந்தக் குழாயடியில்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிம்மியைப் பார்த்தார். மீசையில் ஓர் அசைவும் இல்லாமல் குனிந்து, சுவரோரமிருந்த வால்வைத் திருகி மூடினார்.

"ஆமாங்க மாப்பிள்ளை. சொட்டுக்கூட வரலைங்க" என்றார். "நிம்மிக் கண்ணு, மேல போயிப் பாத்துட்டு வா. அவசரமில்ல சாமி."

இப்போதுதானே வந்துகொண்டிருந்தது என்றார் சகாயமேரி. நின்றுபோயிற்று என்றார் ஜெயமேரி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிம்மி எழுந்தாள். அந்தச் சொற்களின் பொருள் அவளுக்குத் தெரியும். அவற்றை வின்னிபெக்கில் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அவை ஒருநாளும் அவளுக்காகச் சொல்லப்பட்டதில்லை. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் ஏறிப்போனாள்.

அந்தோணி ஈரக் கையைத் துடைத்தபடி என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருசத்துல நீங்க ஒரு தடவகூடக் குழாயப் பாத்துட்டுப் போனதில்லைங்க மாப்பிள்ளை. பிலோ சொன்னா எந்திரிச்சுப் போயிருவீங்க. இங்க தண்ணி பாட்டுக்குக் கொட்டிட்டிருக்கும். அம்மா பாத்தாங்கன்னா பிலோவப் புடிச்சுக்குவாங்கல்ல? அதான் நீங்க தலையத் திருப்புனதும் நான் வந்து மூடிருவேனுங்க."

"அத்தைக்கும் தெரியுமுங்க" என்றார் ஜெயமேரி, தம் மாமியாரைச் சொல்லி. "நீங்க வந்து எறங்குன அன்னைக்கே ரெண்டு அண்டா நெறையப் புடிச்சு வெக்கச் சொல்லிருவாங்க அண்ணா. மாப்பிள்ளை வந்திருக்காரு, தண்ணி நிக்கும்பாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அந்தோணி. இருபது ஆண்டுகளாக, தாய் கண்மூடும்வரை, அவரிடமிருந்து மறைத்தவர் அவர்.

கூடம் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பினூடே ஒன்று விளங்கிற்று. மேலே அந்தப் பாறையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் தொட்டி நிரம்பி, நீர் விளிம்பிலிருந்து கற்களில் வழியத் தொடங்கும். அந்த மெல்லிய ஓசையில்தான் என் மனம் அடங்கும். ஊற்றின் இயல்பு அது என்று எண்ணியிருந்தேன். கீழே வால்வை மூடினால் தொட்டி வழியாமல் என்ன செய்யும்? நான் சற்று அமைதியாக இருப்பதற்காக, ஒரு வீடே தண்ணீரை நிறுத்திவிட்டு, பேசாமல் காத்திருந்திருக்கிறது.

பிறகு நான் சகாயமேரியிடம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை யாரையும் அழைத்துவர வேண்டாம், நிம்மி சரி என்றது களைப்பில் சொன்னது, அது சம்மதமாகாது என்று கூறினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பனும் மகளும் ஒரே அச்சு. பிலோ இருந்த வரைக்கும் தெரியாமப் போச்சு" என்றார். "அதுஞ் செரிதான். அந்தப் பையனும் வாயத் தொறக்க மாட்டான். ரெண்டையுங் கட்டி வெச்சா அந்த ஊட்டுக்குத் தண்ணியே வராது."

8

நிம்மி உடனே வரவில்லை. இந்த முறை யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால் அண்டாக்கள் நிறைந்திருக்கவில்லை. மதியச் சோறு உலையேறாமல் நின்றது. பறிப்பிலிருந்து வந்த பெண்கள் பழக்கறை படிந்த கைகளோடு குழாயடியில் கூடிவிட்டார்கள். வால்வைத் திறந்துவிடலாமே என்று சகாயமேரி இருமுறை சொன்னார். "புள்ள வரட்டும்" என்று அந்தோணி வால்வின் அருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு பேர் இருந்தும் யாரும் மேலே போய் அவளைக் கூப்பிடவில்லை. பசியோடு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டு, எல்லாரும் காத்திருந்தோம்.

அவள் இறங்கி வந்தபோது கை நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் ஆள் திரும்பியிருந்தாள்.

"மாமா, அங்க இலையே இல்லீங்க" என்றாள்.

"எடுத்துப் போட்டிருப்ப கண்ணு. மறந்திருப்ப" என்றார் அந்தோணி. வால்வைத் திறந்தார். தண்ணீர் வந்தது. பெண்கள் கைகொட்டினார்கள். நிம்மி சிரித்தாள். அவள் மனம்விட்டுச் சிரித்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது.

திருப்பலி நல்லபடியாக முடிந்தது. புறப்பட்ட அன்று காலை, ஜீப்பில் மலையிறங்கும்போது, அந்தோணி வழியில் ஒருவரிடம் பேச இறங்கினார். பின்னிருக்கையில் நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். நிம்மி வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"அப்பா, மே மாசம் நான் ஊட்டுக்கு வரட்டுங்களா?"

அறை பார்த்திருப்பதாகச் சொன்னாயே என்றேன்.

"அம்மா இல்லாத ஊட்டுல இனி நாந்தான் பேசோணும்னு நெனச்சனுங்க. நீங்க பேச்சில்லாம இருப்பீங்களே, அம்மா மாதிரி யாராச்சும் பேசோணுமே, எனக்கு அது வராதேன்னு நெனச்சு நொம்ப பயந்துட்டனுங்க. அதான் வரலைன்னேன்."

நானும் ஞாயிறுதோறும் அதே அச்சத்தோடுதான் தொலைபேசியை எடுத்தேன், பேச்சு இல்லாவிட்டால் அவள் போய்விடுவாள் என்று எண்ணினேன் என்பதைச் சொல்ல விரும்பினேன். அவ்வளவு நீளமாகச் சொல்ல வரவில்லை.

"பேசவேண்டியதில்லை" என்றேன்.

"சத்தியமாங்களா?"

"சத்தியமாக."

மே மாதத்தில் வந்தாள். தன் வரைபலகையை உணவு மேசையின் ஒரு கோடியில் வைத்துக்கொண்டாள். மறுகோடியில் நான் விடைத்தாள் திருத்தினேன். இடையிடையே யாராவது ஒருவர் எழுந்து தேநீர் போடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது மாலையில்தான் என் நினைவுக்கு வந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்துச் சோம்பல் முறித்தாள்.

"இன்னைக்கு நொம்ப நல்லா இருந்துச்சுங்கப்பா" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.